சி. எஸ். லூயிஸும் நான் படிக்காத முன்னுரையும்

1963ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 22ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களிடம் இத்திகதியைச் சொன்னால் ஒரே ஒரு செய்திதான் நினைவுக்கு வரும். அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எஃப். கென்னடி டலஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. அத்துப்பாக்கி வெடிப்பதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்னர், இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோர்ட் நகரை அடுத்த ஹெடிங்டனில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தமது படுக்கையறையில் சரிந்து விழுந்து உயிர்நீத்தார். இன்னும் ஒரு வாரம் வாழ்ந்திருந்தால் அவருக்கு 65 வயது பூர்த்தியாகியிருக்கும். அதே நாளில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் எழுத்தாளர் அல்டஸ் ஹக்ஸ்லியும் காலமானார். மறுநாள் காலையில் உலகப் பத்திரிகைகளின் முதற்பக்கங்களில் கென்னடியைத் தவிர வேறு எவருக்கும் இடமிருக்கவில்லை. பக்கம் அமைப்பவன் என்ற முறையில் அத்தீர்மானத்தில் நான் குறை காண மாட்டேன். ஆனாலும், அன்று செய்தியாகாமற்போன அந்தப் பேராசிரியர்தான் கடந்த முப்பது ஆண்டுகளாக என்னோடு கூடவே வருகின்ற எழுத்தாளர். அவர் பெயர் கிளைவ் ஸ்ரேப்பிள்ஸ் லூயிஸ். உலகம் அவரை சி. எஸ். லூயிஸ் என்று அறியும்.

இளைய தலைமுறையினருக்கு அவர் 'நார்னியா' கதைகளின் ஆசிரியர். 1950 முதல் 1956 வரை வெளிவந்த அந்த ஏழு நூல்களும், 2005ஆம் ஆண்டு முதல் வெளிவந்த திரைப்படங்களும் அவரது பெயரை வீடுதோறும் கொண்டுசென்றன. நான் அவரை வந்தடைந்த வழி வேறு. பேராதனையில் கலைப்பட்டம் பெற்று, கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியின் ஆசிரிய பீடத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருந்த காலம். சம்பளம் வாங்கும் நாளில் மருதானைப் பக்கமுள்ள பழைய புத்தகக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றாமல் அறைக்குத் திரும்புவதில்லை. 1995ஆம் ஆண்டில் ஒருநாள், அட்டை கிழிந்த சிறு நூலொன்று கையில் அகப்பட்டது. 'ஸ்குறூடேப் கடிதங்கள்' என்பது அதன் பெயர்.

நரகத்தின் மூத்த அதிகாரியான ஒரு பிசாசு, பூமியில் ஒரு மனிதனைக் கெடுப்பதற்கு அனுப்பப்பட்ட தன் மருமகப் பிசாசுக்கு எழுதும் 31 கடிதங்களே அந்நூல். பெரும் பாவங்களைச் செய்யத் தூண்டும்படி மாமன் சொல்வதில்லை. தாயின் சின்னச் சின்னப் பழக்கங்கள் மீது மகனுக்கு எரிச்சலை வளர்த்துவிடு, தன் பணிவைப் பற்றியே பெருமைகொள்ளச் செய், நாளையைப் பற்றிய பயத்திலேயே இன்றைய பொழுதைக் கழிக்க விடு என்கிற பாணியில் அதன் ஆலோசனைகள் அமைந்திருக்கும். சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கி, பாதியில் அந்த மனிதன் நான்தான் என்று கண்டுகொள்ளும்போது சிரிப்பு நின்றுவிடும்.

அக்கடிதங்கள் முதலில் ஒரு பத்திரிகைத் தொடராகவே வெளிவந்தவை என்று பின்னர் அறிந்தபோது எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. 1941ஆம் ஆண்டு மே மாதம் முதல் நவம்பர் வரை, 'த கார்டியன்' என்ற அங்கிலிக்கன் திருச்சபை வார இதழில் வாரம் ஒன்றாக அவை அச்சாயின. இன்று நாம் அறிந்த கார்டியன் தினசரி வேறு, இது வேறு. தமக்குரிய சன்மானத்தைத் தாம் பெற்றுக்கொள்ளாமல், மறைந்த குருமாரின் மனைவியருக்கான நிதிக்கு அனுப்பிவிடும்படி லூயிஸ் கேட்டுக்கொண்டார். கிராமத்துக் குருவானவர் ஒருவர், இக்கடிதங்களில் கூறப்படும் ஆலோசனைகள் தவறானவை மட்டுமன்றிப் பிசாசுத்தனமானவையாகவும் இருக்கின்றன என்று கூறிச் சந்தாவை நிறுத்திவிட்டாராம். இதை லூயிஸே பின்னர் எழுதிச் சிரித்திருக்கிறார். வாசகர் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பதை நாளாந்த வேலையாகக் கொண்டிருந்த எனக்கு, அந்தக் குருவானவரை நன்கு தெரிந்ததுபோல் இருந்தது.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். இன்றும் சைவன். லூயிஸின் வாதங்கள் அனைத்தையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. இயேசு குறித்து அவர் முன்வைக்கும் புகழ்பெற்ற தர்க்கம், இந்திய மரபின் அவதாரக் கோட்பாடுகளிடையே வளர்ந்த ஒருவனை அவர் எதிர்பார்த்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. அப்படியானால் ஒரு கிறிஸ்தவ எழுத்தாளரில் உனக்கென்ன இத்தனை ஈடுபாடு என்று நண்பர்கள் கேட்டதுண்டு. அவர்களுக்கு நான் ஜி. யு. போப் ஐயரை நினைவூட்டுவேன். அந்தக் கிறிஸ்தவக் குருவானவர் ஒக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்தவர். தமது எண்பதாவது வயதில், 1900ஆம் ஆண்டில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். மாணிக்கவாசகரில் அவர் தோய்ந்தார். அதனால் அவர் கிறிஸ்தவராக இல்லாமற்போகவில்லை. அதே ஒக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவரில் ஒரு சைவன் தோய்வது எங்கள் பக்கத்திலிருந்து செலுத்தப்படும் சிறு கைமாறு என்று கொள்ளலாம்.

லூயிஸ் பிறவியிலிருந்தே விசுவாசியாக வாழ்ந்தவரும் அல்லர். 1898ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ற் நகரில் பிறந்த அவர், ஒன்பது வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். தாய் பிழைக்க வேண்டும் என்று அந்தச் சிறுவன் செய்த பிரார்த்தனை பலிக்கவில்லை. முதலாம் உலகப் போரில் பிரான்சின் பதுங்குகுழிகளில் நின்று, 1918ஆம் ஆண்டு காயமடைந்தார். நாத்திகராகவே ஒக்ஸ்ஃபோர்டில் ஆசிரியப் பணியை ஏற்றார். 1931ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்து இரவொன்றில், நண்பர்களான ரொல்கீனுடனும் ஹியூகோ டைசனுடனும் மக்டலன் கல்லூரியின் நடைபாதையில் விடிகாலை வரை பேசிய பேச்சே அவரைக் கிறிஸ்தவத்துக்குத் திருப்பியது. தன்னோடு தானே நெடுங்காலம் வாதாடித் தோற்றவர் என்பதால், எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்பது அவருக்கு எப்போதும் தெரியும்.

அவருடைய மொழியின் தெளிவு இன்னொரு காரணம். 1941ஆம் ஆண்டு தொடக்கம் பிபிசி வானொலியில் அவர் நிகழ்த்திய உரைகள், யுத்தத்தின் நடுவில் வாழ்ந்த சாதாரண மக்களுக்கானவை. பதினைந்து நிமிடத்துக்குள், தொழிலாளிக்கும் விளங்க வேண்டும். கல்விமானும் குறை சொல்லக் கூடாது. எழுத்தைப் பற்றித் தம்மிடம் கேட்ட ஓர் அமெரிக்கச் சிறுமிக்கு 1956ஆம் ஆண்டில் அவர் எழுதிய கடிதத்தில் ஓர் அறிவுரை உண்டு: ஒரு விடயம் பயங்கரமானது என்று நீ சொல்லாதே, வாசகருக்குப் பயம் வரும்படி அதை விவரி என்பது அதன் சாரம். 'சோகத்தில் ஆழ்த்தியது', 'அதிர்ச்சியை ஏற்படுத்தியது' என்று நாளொன்றுக்குப் பத்துத் தடவை எழுதிக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு குட்டு.

இனி, நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்காளர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்ரர்'. மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் அலுவலாக 1995ஆம் ஆண்டு கொழும்புக்கு வந்தவர். அலுவல் முடிவதற்குள் ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தது. மனைவி சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்குச் சென்று, பின்னர் வன்னிக்குப் போய்விட்டார். மாஸ்ரருக்குப் போக வழியில்லை. அம்மாவுக்கு வர வழியில்லை. எப்போதாவது யாரும் கொண்டுவரும் கடிதம் ஒன்றுதான் தொடர்பு.

1997ஆம் ஆண்டில் ஒரு மாலை அப்படியொரு கடிதம் வந்தது. வன்னியில் மலேரியா மலிந்திருந்த, மருந்து அரிதாயிருந்த காலம். மனைவி காய்ச்சலில் இறந்து 19 நாட்கள் ஆகிவிட்டன என்று உறவினர் ஒருவர் எழுதியிருந்தார். செத்தவீடு நடந்து, காடாற்றி, எல்லாம் முடிந்திருந்தது. மாஸ்ரர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வழமைபோல் இரவுக் கடமைக்கு வந்தார். அன்று அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது மரண அறிவித்தல் பக்கம். அதை ஒரு பிழையும் இல்லாமல் பார்த்துக் கொடுத்துவிட்ட பின்னரே விடயத்தை எங்களிடம் சொன்னார்.

எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலர் அவர் மேசைப் பக்கம் போவதையே தவிர்த்தார்கள். எனக்கு அப்போது 27 வயது. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற துடிப்பு. அக்காலத்தில் நான் லூயிஸின் 'துன்பம் எனும் பிரச்சினை' என்ற நூலைப் படித்து முடித்திருந்தேன். 1940ஆம் ஆண்டில் வெளிவந்த நூல். கடவுள் நல்லவராகவும் எல்லாம் வல்லவராகவும் இருந்தால், உயிர்கள் ஏன் துன்பப்படுகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, படிப்படியாக விடைகாண முயல்கிறது அது. சுயவிருப்பு உள்ள உயிர்கள் வாழும் உலகில் துன்பத்துக்கான வழியை அடைத்துவிட முடியாது என்கிறார். காது கேளாத உலகை எழுப்புவதற்குக் கடவுள் கையில் எடுக்கும் ஒலிபெருக்கியாகத் துன்பத்தைக் காணும் புகழ்பெற்ற உவமையும் அதில்தான் வருகிறது. தர்க்கத்தில் ஓட்டை காண்பது கடினம். அந்த நூலை ஒரு தாளில் சுற்றி மாஸ்ரரிடம் கொடுத்தேன். "வாசிச்சுப் பாருங்கோ மாஸ்ரர், ஆறுதலாயிருக்கும்" என்றும் சொன்னேன்.

நான்கு நாட்களின் பின்னர் அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தம்பி, இதை எழுதின மனுசன் கலியாணம் கட்டினவரோ?"

"தெரியாது மாஸ்ரர்."

"ஒருக்கா அறிஞ்சு சொல்லும்."

அவ்வளவுதான். கோபமில்லை. மேசைக்குத் திரும்பி, சிவப்பு மையை எடுத்துக்கொண்டார்.

அறிந்து சொல்ல எனக்கு நெடுநாட்கள் தேவைப்பட்டன. இணையம் எங்கள் மேசைக்கு வந்திராத காலம். நூலகத்தில் வாழ்க்கை வரலாற்று நூலொன்றைத் தேடிப்பிடித்தபோது விடை கிடைத்தது. 1940ஆம் ஆண்டில் லூயிஸ் திருமணமாகாதவர். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

1950ஆம் ஆண்டு ஜோய் டேவிட்மன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். யூதக் குடும்பத்தில் பிறந்து, கம்யூனிஸ்டாக இருந்து, பின்னர் கிறிஸ்தவரானவர். முதல் திருமணம் முறிந்து, இரு புதல்வர்களோடு இங்கிலாந்தில் குடியேறிய அவர் அங்கேயே தங்கியிருப்பதற்காக, 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் லூயிஸ் அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவ்வளவில் அது நட்புக்காகச் செய்த உதவிதான். சில மாதங்களில் ஜோய்க்கு எலும்பைப் பற்றிய புற்றுநோய் என்று தெரியவந்தது. இழக்கப் போகிறோம் என்ற நிலையில்தான் தாம் எத்துணை நேசிக்கிறோம் என்பதை லூயிஸ் உணர்ந்தார். 1957ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் திகதி, வைத்தியசாலைக் கட்டிலருகே குருவானவர் ஒருவர் அவர்களுக்குத் திருமணம் செய்துவைத்தார். எவரும் எதிர்பாராத விதமாக நோய் தணிந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கிடைத்தன. 1960ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரும் கிரேக்கத்துக்குப் பயணம் போய்வந்தார்கள். அவ்வாண்டு ஜூலை 13ஆம் திகதி ஜோய் மறைந்தார்.

அதன்பின் லூயிஸ் வீட்டில் கிடந்த வெற்றுக் கொப்பிகளை எடுத்து எழுதத் தொடங்கினார். நான்கு கொப்பிகள் நிரம்பின. 1961ஆம் ஆண்டு அது 'ஒரு துயரை அவதானித்தல்' என்று பொருள்படும் தலைப்பில் சிறு நூலாக வந்தது. ஆசிரியர் பெயர் என். டபிள்யு. கிளார்க். அது புனைபெயர். முதலிரு எழுத்துகளும் பழைய ஆங்கிலத்தில் 'யாரென்று அறியேன்' என்று பொருள்படும் தொடரைக் குறிப்பவை. லூயிஸ்தான் எழுதியவர் என்று அறியாத நண்பர்கள் சிலர், துயரத்திலிருந்த அவருக்கு அந்நூலையே ஆறுதலுக்குப் பரிந்துரைத்தார்களாம். அவர் மறைந்த பின்னரே அது அவரது பெயரோடு மறுபதிப்பானது.

அந்தப் புத்தகத்தை நான் ஒரே இரவில் படித்தேன். 1940ஆம் ஆண்டின் தர்க்கவாதி அதில் இல்லை. சகலமும் நன்றாயிருக்கையில் கடவுள் அருகிலிருப்பதுபோல் தோன்றுகிறது. உயிர்போகும் வேளையில் தேடிப்போனால் கதவு மூடிக் கிடக்கிறது என்று அவர் முறையிடுகிறார். கடவுள் இல்லையோ என்பதல்ல அவருடைய அச்சம். இருக்கிறார், ஆனால் இப்படிப்பட்டவர்தானோ என்பதே அச்சம். மனைவியை இழந்தவனைக் கண்டதும் என்ன பேசுவதென்று தெரியாமல் சங்கடப்படுபவர்களைப் பற்றி எழுதுகிறார். எங்கள் ஆசிரிய பீடம் கண்முன் வந்தது. மதம் தரும் ஆறுதலைப் பற்றித் தம்மிடம் வந்து பேசுபவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சினக்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். கடைசிக் கொப்பியில் மனம் மெல்லத் தணிகிறது. கேள்விகளுக்கு விடை கிடைத்ததனால் அன்று. விடையில்லாமலும் அந்தக் கதவின் முன் நிற்கலாம் என்று ஆனதனால்.

அந்நூலை மாஸ்ரரிடம் கொடுக்கும் துணிவு எனக்கு 2001ஆம் ஆண்டில்தான் வந்தது. இம்முறை ஆறுதல் என்ற சொல்லைச் சொல்லவில்லை. "நீங்கள் அண்டைக்குக் கேட்ட கேள்விக்கு மறுமொழி" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று வாரங்கள் வைத்திருந்தார். திருப்பித் தந்தபோது ஓர் இடத்தில் பென்சிலால் சிறு குறி தெரிந்தது. அச்சுப்பிழை ஒன்றைக் கண்டுபிடித்து, தொழில்முறைக் குறியீட்டால் ஓரத்தில் திருத்தியிருந்தார்.

"ரெண்டையும் எழுதினது ஒரே ஆள்தானே?"

"ஓம் மாஸ்ரர். இடையிலை இருபத்தொரு வருசம்."

"அப்ப அந்த முதல் புத்தகத்தையும் ஒருக்காத் தாரும். இப்ப வாசிக்கலாம்."

கொடுத்தேன். இரண்டு நாட்களில் கையில் விரித்த புத்தகத்தோடு என் மேசைக்கே வந்தார்.

"தம்பி, நீர் முன்னுரை வாசிச்சனீரோ?"

நான் வாசித்திருக்கவில்லை. முன்னுரைகளைத் தாண்டிக்கொண்டு முதலாம் அத்தியாயத்துக்கு ஓடுவது என் பழக்கம். அவர் நிற்க, நான் இருந்தபடியே படித்தேன். இந்த நூலைப் பெயர் போடாமல் எழுதத் தாம் அனுமதி கேட்டதாக லூயிஸ் அதில் சொல்கிறார். துன்பத்தைப் பற்றித் தாம் எழுதப்போகும் உறுதியான வார்த்தைகளுக்கும் தம்முடைய சொந்த மனத்திடத்துக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை, எழுதியவர் யாரென்று தெரிந்தால் நகைப்புக்கிடமாகும் என்பது காரணம். நூல்வரிசையின் ஒழுங்குக்கு அது ஒத்துவரவில்லை. அறிவை எழுப்பும் கேள்விக்கு மட்டுமே தாம் விடை தேடுவதாகவும், துன்பத்தைத் தாங்க வேண்டி வரும்போது அறிவைவிடத் துணிவும், துணிவைவிட ஒரு சிறிதளவு மனிதப் பரிவும் மேலானவை என்ற கருத்துப்படவும் அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்.

"சின்ன முன்னுரைதான். அதை வாசிச்சிருந்தா, நீர் அண்டைக்கு இந்தப் புத்தகத்தை எனக்குத் தந்திருக்க மாட்டீர்" என்றார் மாஸ்ரர். பிறகு, நான் தலைகுனிந்திருப்பதைக் கண்டு, "பறவாயில்லை. மற்றவை கிட்டவும் வரேல்லை. நீர் வந்தனீர்" என்றார்.

பெயரின்றி எழுத வேண்டும் என்று 1940ஆம் ஆண்டில் லூயிஸ் கேட்டது, 1961ஆம் ஆண்டில்தான் அவருக்குக் கிடைத்தது. இரண்டாவது நூல் முதலாவதை மறுக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் நூலின் முன்னுரையில் அவர் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட பகுதியையே இரண்டாவது நூலாக வாழ்ந்து எழுதினார். தாம் முன்னர் எழுதியதை அவர் அழிக்கவில்லை; அதற்குள் ஒளிந்துகொள்ளவும் இல்லை. முப்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருப்பவனுக்கு இது இலேசான காரியமாகத் தெரியவில்லை. யுத்த காலத்தில் எத்தனையோ இழப்புகளுக்குக் கணநேரத்தில் இரங்கலுரை எழுதியிருக்கிறேன். அவற்றிற் பலவற்றை இன்று எடுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

2002ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது மாஸ்ரர் முதற் கிழமையிலேயே வன்னிக்குப் போனார். மனைவியை எரித்த இடத்தை ஒருவர் காட்டினாராம். பற்றை வளர்ந்திருந்தது என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சில ஆண்டுகளின் பின்னர் அவரும் காலமானார். அவருடைய மரண அறிவித்தலை நானே எழுதி, மூன்று தடவை ஒப்புநோக்கினேன்.

லூயிஸின் அந்த இரு நூல்களும் இன்றும் என் அலுமாரியில் அருகருகே இருக்கின்றன. ஆசிரிய பீடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சில வேளைகளில் இரவல் கேட்பார்கள். கொடுப்பேன். முன்னுரையை முதலில் வாசியுங்கள் என்று சொல்லிக் கொடுப்பேன். செத்தவீடுகளுக்குப் போகும்போது மட்டும் இப்போது நான் புத்தகம் எதுவும் கொண்டுபோவதில்லை. போய், கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு வருகிறேன்.